குடும்ப வரலாற்று ஆவணங்களை ஒழுங்குசெய்தல்: தாய்வழி மறவாத ஒரு முறை

விழா மலர் வெளியிடும் கல்லூரி தன் கடந்த காலத்தைத் திரும்பிப் பார்க்கின்றது. சேர்விடாப்பு, ஆண்டறிக்கை, பரீட்சைப் பேறுகள், பழைய நிழற்படங்கள் ஆகியன அதற்குக் கைகொடுக்கின்றன. இன்ன ஆண்டிலே இன்ன மாணவன் சேர்ந்தான், அவன் தந்தை இன்னார், ஊர் இன்னது என்று ஓர் எழுதுவினைஞர் அரை நூற்றாண்டின் முன் எழுதிவைத்த ஒரு வரி, இன்று வினவுவார்க்கும் விடை கூறும். நம் வீடுகளின் நிலை அத்தகையதன்று. பாட்டனார் பெயரைத் தடையின்றிக் கூறும் மாணவர் பலர். தாயைப் பெற்ற பாட்டியின் தாயார் பெயர் யாது என்று கேட்டால், விடை கூறுவார் மிகச் சிலர். அவ்விடையை அறிந்த முதியோர் ஒருவரேனும் பெரும்பாலான வீடுகளில் இன்னும் இருக்கின்றனர் என்பது ஆறுதல். அவர்கள் நெடுங்காலம் இரார் என்பது கவலை.

குடும்ப வரலாற்றை ஆராயும் ஆர்வம் அண்மைக் காலத்தில் நம்மிடையே வளர்ந்து வருகின்றது. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பலர், தம் பிள்ளைகளுக்கு ஊரையும் உறவையும் உணர்த்த விரும்பி, வமிசாவளிப் படங்களை வரைகின்றனர். அவற்றுள் ஒரு குறை அடிக்கடி காணப்படுகின்றது. அச்சிட்ட வமிசாவளித் தாள்கள் தந்தை, தந்தையின் தந்தை என்னும் வரிசையையே தண்டாகக் கொண்டவை. மட்டக்களப்பு நாட்டின் குடும்பமோ தாயைத் தண்டாகக் கொண்டு தழைத்தது. ஆதலின், நம் ஆவணங்களை நம் நாட்டு முறைக்கு ஏற்ப ஒழுங்குசெய்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதனை எவ்வாறு செய்வது என்பதனை ஈண்டு விளக்குவாம்.

பெயரும் குடியும்

ஐரோப்பியருக்கு உள்ளதுபோல மாறாது தொடரும் குடும்பப் பெயர் நமக்கு இல்லை. தந்தையின் பெயரிலுள்ள முதலெழுத்தே பிள்ளையின் பெயருக்கு முன்னெழுத்து ஆகின்றது. தலைமுறை ஒன்று கழிந்ததும் அவ்வெழுத்தும் மாறிவிடும். பெண்ணுக்கு மணமானபின் கணவன் பெயர் வந்து சேரும். பத்திரங்களிலே அவள் பிறந்தபோது பெற்றிருந்த அடையாளம் மறையும். எனவே, பெயரின் முன்னெழுத்தை நம்பி ஆவணங்களை அடுக்குபவர், மூன்றாந் தலைமுறையிலே திசை தெரியாது நிற்பர்.

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், மாறாது வருவது குடியே. காலிங்கா குடி, உலகிப்போடி குடி, படையாண்ட குடி என்றாற்போன்ற குடிப்பெயர்கள் தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவன. மகனும் மகளும் தாயின் குடியினரே, ஆயினும், மகன் அதனைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்தல் இயலாது, மகளே கொடுப்பாள். ஒரே குடிக்குள் மணவினை விலக்கப்படுவது பழைய வழக்கு. பல கோயில்களிலே திருவிழாப் பூசைகளும் வண்ணக்கர் பதவிகளும் குடிமுறைப்படியே பகிரப்பட்டு வந்துள்ளன. இந்நாட்டு முஸ்லிம் மக்களிடத்தும் தாய்வழிக் குடிமுறை நிலவுதல் குறிப்பிடத்தக்கது. எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962ஆம் ஆண்டிலே பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1964ஆம் ஆண்டிலே வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ ஆகிய நூல்களைப் பயின்றோர் குடிமரபின் சிறப்பை நன்கறிவர்.

ஆகவே நம்மவர் ஒவ்வொருவரிடத்தும் இரு வரிசைகள் வந்து கூடுகின்றன. முன்னெழுத்துத் தந்தைவழி வருகின்றது. குடி தாய்வழி வருகின்றது. முன்னதைப் பத்திரங்கள் பேணுகின்றன. பின்னதைப் பெரும்பாலும் முதியோரின் நினைவே பேணுகின்றது. எழுதப்படாத வரிசையே முதலில் அழியும் என்பது வெளிப்படை.

எண்ணிட்டு அடுக்கும் முறை

முன்னோரை எண்ணால் அடையாளமிடும் எளிய முறை ஒன்று உண்டு. மிக்கேல் ஐற்சிங்கர் என்னும் ஆஸ்திரிய அறிஞர் 1590ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே அது காணப்படுகின்றது. 1898ஆம் ஆண்டில் செருமானியரான கெக்குலே வொன் ஸ்ராடோனிற்ஸ் என்பவர் அதனைப் பரவச் செய்தார். ஐரோப்பாவிலே தோன்றியதாயினும் நமக்கு அது மிகப் பொருந்துவது. தந்தையையும் தாயையும் அது சமனாக மதிக்கின்றது.

ஆராய்பவர் தமக்கு 1 என்னும் எண்ணை இடுக. தந்தைக்கு 2, தாய்க்கு 3. பின்னர் விதி ஒன்றே: எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் தந்தையின் எண் வரும், இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் அவர் தாயின் எண் வரும். தந்தையின் தந்தை 4, தந்தையின் தாய் 5, தாயின் தந்தை 6, தாயின் தாய் 7. முதலெண் நீங்கலாக, இரட்டை எண்கள் யாவும் ஆண்கள். ஒற்றை எண்கள் யாவும் பெண்கள். ஐந்து தலைமுறைக்கு 31 எண்கள் போதும்.

இம்முறையை நம் நாட்டுக் கண்கொண்டு நோக்கின் ஓர் அழகு புலனாகும். 2, 4, 8, 16 என ஒவ்வொரு தலைமுறையின் முதலெண்ணும் தந்தைவழியாகும். 3, 7, 15, 31 என ஒவ்வொரு தலைமுறையின் கடையெண்ணும் தாய்வழியாகும்: 3 தாய், 7 பாட்டி, 15 பூட்டி, 31 ஓட்டி. நம் குடி வந்த வழி இதுவே. தந்தையின் குடியை அறிய வேண்டின் 2, 5, 11, 23 என்னும் எண்களைப் பின்தொடர்தல் வேண்டும். வமிசாவளித் தாளை நிரப்பப் புகும் ஒருவர் தலைப்பிலே தொடங்கி, களைத்து, கடைசிப் பெட்டிகளை வெறிதே விடுவது வழக்கம். அவ்வாறு வெறிதாக விடப்படும் 15ஆம், 31ஆம் பெட்டிகளே நம் குடியின் வேராகும். எனவே கடையெண்ணிலிருந்து தொடங்குக என்பது நம் முதல் விதியாகுக.

மைத்துன உறவில் மணஞ்செய்தல் நம்மிடையே மிகுதி. அதனால் ஒருவரே இரண்டு எண்களைப் பெறுதலும் உண்டு. தந்தையார் தம் அம்மான் மகளை மணந்தவராயின், தந்தையின் தாயும் (5) தாயின் தந்தையும் (6) உடன்பிறந்தோர் ஆவர். அப்போது 10ஆம் 12ஆம் எண்கள் ஒருவரையே குறிக்கும்; 11ஆம் 13ஆம் எண்களும் அவ்வாறே. இது பிழையன்று. விவரத்தைச் சிறிய எண்ணின் கீழ் எழுதி, பெரிய எண்ணின் கீழ் ‘11ஐப் பார்க்க’ என்று குறித்தால் போதும்.

தாய்க்கு ஒரு தாள்

எண் முன்னோரைக் காட்டும், உடன்பிறந்தோரைக் காட்டாது. அம்மான், பெரியம்மா, சின்னம்மா ஆகியோரின்றி நம் குடும்பம் நிறைவு பெறுமா? ஆதலின் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு தனித்தாள் வைத்தல் வேண்டும். தாளின் தலைப்பில் அத்தாயின் எண், பெயர், குடி, பிறந்த ஊர், வாழ்ந்த வீடு ஆகியவற்றை எழுதுக. அதன் கீழ்க் கணவரின் பெயர், குடி, ஊர். அதன் கீழ்ப் பிள்ளைகள் அனைவரும், குழந்தைப் பருவத்தில் இறந்தோர் உட்பட, பிறந்த ஒழுங்கில். ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றையும், மணந்தவரின் குடியையும் ஊரையும் குறிக்குக. ஐந்து தலைமுறைக்கு இத்தகைய தாள்கள் 15 வரும்.

தந்தைக்கன்றித் தாய்க்குத் தாள் வைத்தல் ஏன் எனின், ஒருவர் இருமுறை மணஞ்செய்திருப்பின் அவர் பிள்ளைகள் இரு குடியினராவர். தந்தையின் பெயரில் வைத்த தாளிலே அவர்கள் கலந்துவிடுவர். தாயின் தாளிலே அக்கலப்பு நேராது.

தாள்கள் ஆயத்தமானபின், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கடித உறையோ கோவையோ வைத்து, மேலே தாயின் எண்ணை எழுதுக. அக்குடும்பத்தைச் சார்ந்த பத்திரங்கள், படங்கள், கடிதங்கள் யாவும் அதற்குள் அடங்கும். ஒரு பத்திரம் இரு குடும்பங்களுக்கும் உரியதாயின், மூலத்தை ஓர் உறையில் இட்டு, மற்றையதில் அது இருக்குமிடத்தைக் குறித்த சிறு துண்டை வைத்தல் போதும்.

இவற்றோடு ஓர் அப்பியாசக் கொப்பியிலே இரு அட்டவணைகள் வேண்டும். ஒன்று ஆட்பெயர் அகராதி. மற்றொன்று ஊரும் வளவும் பற்றிய அட்டவணை. ஊர் அட்டவணையின் பயனை ஓர் உதாரணத்தால் அறியலாம். வட இந்தியாவிலே, கங்கைக் கரையிலுள்ள அரித்துவாரத்திலே, பண்டாக்கள் எனப்படும் தீர்த்தப் புரோகிதர்கள் யாத்திரிகர்களின் வமிசப் பதிவேடுகளைப் பல தலைமுறையாகப் பேணி வருகின்றனர். சென்றவர் தம் பூர்விக ஊரைக் கூறியதும் அவ்வூருக்குரிய ஏட்டைத் தேடி எடுக்கின்றனர். மனிதர் பெயர்கள் ஒன்றோடொன்று மயங்கும். ஊர் அவ்வளவு எளிதில் மயங்காது. நம்மவருள் ஒரே பெயருடையோர் பலராதலின், ஊரும் வளவும் நமக்கும் நல்ல வழிகாட்டிகளாம்.

பத்திரங்கள் கூறுவனவும் கூறாதனவும்

இனி, நம் கைக்கு எட்டும் ஆவணங்கள் எவை, அவை எதனைக் கூறும், எதனைக் கூறா என்று நோக்குவாம்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் முதலாவது. 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பின் இலங்கையிலே பிறப்பு, இறப்புப் பதிவு அரசாங்கக் கடமையாயிற்று. இப்பத்திரத்திலே தந்தை தாயர் பெயர்களோடு, இலங்கையிற் பிறந்த பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றைக் கேட்கும் கட்டங்களும் உள. பாட்டியைக் கேட்கும் கட்டம் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்தவர் என்று காட்டுமாறு கேட்டது. அதனைக் காட்டுதற்கு ஆவணமில்லாத மலைநாட்டுத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். முன்னோரைப் பற்றிய ஒரு துண்டுத் தாள் எத்துணைப் பெறுமதியுடையது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. அரசாங்கம் தனக்கு வேண்டிய வரிசையையே கேட்கும். நமக்கு வேண்டிய வரிசையை நாமே எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

பதிவு உரிய காலத்திற் செய்யப்படாமையும் உண்டு. காலங்கடந்து பதிந்த பிறப்புகளிலும், உத்தேச வயதுச் சான்றிதழ்களிலும் உள்ள திகதி அண்ணளவானதாக இருத்தல் கூடும். 1972ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையின் பழைய ஒன்பது இலக்க எண் ஒருவகையில் உதவும். அதன் முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று இலக்கங்கள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதனையும் காட்டும். பெண்களாயின் அந்நாளெண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். மூதாட்டி ஒருவரின் பிறப்புப் பத்திரம் தொலைந்து அட்டை மாத்திரம் எஞ்சியிருப்பின், அதிலிருந்தே நாளை அறியலாம். எனினும், அட்டை பெறும்போது கொடுத்த திகதியே அது. தனிச் சான்றாகக் கொள்ளற்க.

காணி உறுதிகள் இரண்டாவது. தாய்வழியைத் தேடுவார்க்கு இவற்றிற் சிறந்த துணை வேறில்லை. மணமானபின் மாப்பிள்ளை பெண்வீட்டிற்கு வந்து வாழ்தலும், வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படுதலும் நம் வழக்கு. ஆதலின் ஒரு வளவின் சீதன உறுதிகளைப் பின்னோக்கி அடுக்கினால், மகள், தாய், பாட்டி என்று கடையெண் வரிசை தானே வெளிப்படும். பிறப்புப் பத்திரம் மறைத்த பாட்டியை உறுதி காட்டிக் கொடுக்கும். உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர், நான்கெல்லை ஆகிய யாவற்றையும் குறித்துக்கொள்க. எல்லைக் காணிக்காரரின் பெயர்களை விடுதல் கூடாது. அவருட் சிலர் உடன்பிறந்தாராகவே இருப்பர்.

பழைய உறுதிகளைப் படிக்குங்கால் ஒரு சொல்லில் விழிப்பு வேண்டும். மருமகன் என்பது மகளின் கணவனையும் குறிக்கும். உடன்பிறந்தாளின் மகனையும் குறிக்கும். முன்னாளில் இந்நாட்டில் வழங்கிய முக்குவர் சட்டத்தின்படி முதுசம் தாய்வழியே இறங்கியது. ஆடவன் ஒருவனின் உரிமை அவன் சகோதரியின் பிள்ளைகளைச் சேர்ந்தது. அச்சட்டத்தை 1876ஆம் ஆண்டிலே கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பவர் ஆங்கில நூலாக வெளியிட்டார். அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் பின் உரிமை முறை பொதுச் சட்டத்தின் வழிப்பட்டது. ஆதலின் அக்காலத்துக்கு முந்திய பத்திரமொன்றில் மருமகன் உரிமை பெற்றதாகக் காணின், மகளைக் கட்டியவர் என்று உடனே முடிவு செய்தல் ஆகாது. பத்திரத்திலுள்ள சொல்லை உள்ளவாறே படியெடுத்து, நம் கருத்தை அதன் அருகிலே வேறாக எழுதுதல் வேண்டும்.

சாதகக் குறிப்புகள் மூன்றாவது. இவற்றில் ஆண்டு பெரும்பாலும் பிரபவ முதலிய அறுபது பெயர்களுள் ஒன்றாகக் காணப்படும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருதலாலும், ஆண்டு சித்திரையில் தொடங்குதலாலும் மயக்கம் நேரும். சுவாமி விபுலாநந்தர் பிறந்தது கர வருடம் பங்குனி மாதம். கர வருடம் 1891ஆம் ஆண்டு ஏப்பிரிலிலே தொடங்கியது. பங்குனி அதன் கடைசி மாதமாதலின் அடிகள் பிறந்த நாள் 1892ஆம் ஆண்டு மார்ச்சு 27 ஆயிற்று. அடுத்த கர வருடம் 1951 ஏப்பிரிலிலே தொடங்கியது. ஆதலின் தமிழ்த் திகதியையும் ஆங்கிலத் திகதியையும் அருகருகே எழுதுக. தமிழ்த் திகதியை மூலத்தில் உள்ளபடியே விடுக.

அடிகளின் வாழ்வே மற்றொரு பாடத்தையும் புகட்டும். காரைதீவிலே சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகவாகப் பிறந்தவர் மயில்வாகனனார். 1922ஆம் ஆண்டில் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தபின் பிரபோத சைதன்யர். 1924ஆம் ஆண்டில் துறவு பெற்றபின் விபுலாநந்தர். ஒருவருக்கு மூன்று பெயர்கள். மூன்று பெயராலும் எழுத்துகள் உள. நம் வீட்டிலும் பத்திரப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று, ஊரார் இட்ட பெயர் ஒன்று என வழங்கும். பெயர் அகராதியிலே எல்லாப் பெயர்களையும் இடுக. யாவும் ஓர் எண்ணையே சுட்டுக.

இவையன்றி, கோயிற் கணக்கேடுகள், பாடசாலைச் சேர்விடாப்பு, விடுகைப் பத்திரம், திருமண அழைப்பிதழ், நிழற்படங்கள் ஆகியனவும் உள. இறந்தார்க்கு முப்பத்தோராம் நாளிலே வெளியிடப்படும் நினைவு மலர்களை ஒருவரும் எறிந்துவிடற்க. அவற்றின் கடைசிப் பக்கங்களிலே அச்சிடும் வமிசாவளி, துயரின் நடுவே விரைந்து எழுதப்பட்டமையால் பிழை உடையதாயினும், உறவினர் பலர் கூடியிருந்து ஒப்பிய குறிப்பாதலின் விலைமதிப்பற்றது.

சான்றுக்குச் சான்று

ஒரு குறிப்பு எவ்வழி வந்தது என்று எழுதாவிடின், அடுத்த தலைமுறைக்கு அது கட்டுக்கதையோடு ஒன்றாகிவிடும். ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலும் ஓர் எழுத்தை இடுதல் எளிது. பத்திரத்தில் கண்டதாயின் ‘ஆ’, அதாவது ஆவணம். ஒருவர் சொல்லக் கேட்டதாயின் ‘வா’, அதாவது வாய்மொழி. நாமே உய்த்துணர்ந்ததாயின் ‘ஊ’, அதாவது ஊகம். வாய்மொழியாயின் சொன்னவர் பெயரும் சொன்ன நாளும் வேண்டும். இரு சான்றுகள் முரண்படின், ஒன்றை அழித்து மற்றொன்றை வைத்தல் ஆராய்ச்சியாகாது. இரண்டையும் எழுதி, எது வலியது என்று கருதுகின்றோம், ஏன் என்பதனையும் எழுதுக. நாளை வேறொரு பத்திரம் கிடைத்தல் கூடும்.

முதியோரிடம் கேட்டறிதற்கும் ஒரு முறை உண்டு. ‘உங்கள் வமிசத்தைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் அவர்கள் திகைப்பர். ‘இந்த வளவில் முதல் வீடு கட்டியது யார்? நீங்கள் பிறந்தபோது மருத்துவிச்சியாக வந்தவர் யார்? இன்ன திருவிழாப் பூசை நமக்கு எப்படி வந்தது? சூறாவளிக்கு முன் இவ்விடத்தில் யார் இருந்தார்கள்?’ என்று கேட்டால் நினைவு ஊற்றெடுக்கும். கூறுபவரின் சொற்களையே எழுதுக. அம்மம்மா, பெத்தா, பெரியம்மா என்னும் முறைப்பெயர்களைக் கேட்டவாறே எழுதி, தாயின் தாய், தாயின் தமக்கை என்று விளக்கத்தை அருகிற் சேர்க்குக. ஒரு முறைப்பெயர் ஊருக்கு ஊர் வேறுபடும். ஒரே நாளில் அனைத்தையும் கேட்டு அவர்களை வருத்துதல் தகாது.

கூறத் தகாதனவும் உள. தத்தெடுத்த பிள்ளை, கைவிட்ட மணம், குடும்பப் பிணக்கு முதலியவற்றை அறிய நேரின், அவற்றை அடக்கமாகக் காத்தல் ஆராய்வோன் கடன். உயிரோடிருப்போரின் பிறந்த திகதி, அட்டை எண் முதலியவற்றைப் பொதுவில் வெளியிடுதல் கூடாது. குடியை எழுதுவது குலப்பெருமை பேசுவதற்கும் அன்று. பிறரைத் தாழ்த்துவதற்கும் அன்று. யாரிடமிருந்து வந்தோம் என்பதனை அறிந்து நன்றி செலுத்துதற்கே ஆம்.

ஒரு படி போதாது

மட்டக்களப்பு மக்கள் ஆவணங்களை இழந்த வரலாறு நீண்டது. 1978ஆம் ஆண்டு நவெம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி கூரைகளோடு பெட்டகங்களையும் கொண்டு சென்றது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் திகதி எழுந்த கடற்கோள் கரையோர ஊர்களிலே வீட்டோடு வீட்டாரையும் வாரிச் சென்றது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே பன்முறை இடம்பெயர்ந்தோர், உடுத்த உடையோடு ஓடினர். உறுதியும் படமும் பின்னே கிடந்து எரிந்தன. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அச்சு நூல்கள் பலவற்றுக்கு வேறிடத்திற் படி இருந்தது. ஒரே படியாயிருந்த ஏடுகள் மீளாவகை அழிந்தன. இவற்றால் அறியக் கிடப்பது ஒன்றே: ஒரே இடத்தில் இருப்பது பாதுகாக்கப்பட்டதன்று.

எனவே மூன்று படிகள் வேண்டும். மூலம் வீட்டிலே, நிலத்துக்கு உயரமான, ஈரமில்லாத இடத்தில், கறையானும் வெள்ளமும் எட்டாவகை இருக்குக. இரண்டாம் படி வேறூரிலுள்ள உறவினர் வீட்டில் இருக்குக. எழுவான்கரையில் வாழ்வோர் படுவான்கரையிலே ஒரு படி வைத்தல் நன்று. மூன்றாம் படியைக் கைத்தொலைபேசியாற் படமெடுத்து, கடல் கடந்து வாழும் உறவினர்க்கு அனுப்புக. படத்திற்கு இடும் பெயரிலும் தாயின் எண்ணே முதலில் வருக. நினைவு மலர், விழா மலர் போன்று அச்சேறியவற்றை, 2005ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தமிழர் ஆவணங்களை எண்ணிம வடிவிற் பேணிவரும் ‘நூலகம்’ நிறுவனத்துக்கு அளித்தலும் தக்கது.

பழைய தாள்களை ஒட்டுநாடாவால் ஒட்டுதலும், பிளாஸ்திக் உறையிட்டுச் சூடேற்றி அடைத்தலும் கேடு; செய்தபின் மீட்டல் அரிது. இரும்பு ஊசிகள் துருவேறித் தாளைத் தின்னும், அவற்றை நீக்குக. நிழற்படத்தின் பின்புறத்திலே மென்மையான பென்சிலால், ஓரத்தில், இருப்போரின் பெயரும் எண்ணும் இடமும் எழுதுக. பெயரெழுதாத படம் இரு தலைமுறை கழிந்தால் அந்நியர் படமாகிவிடும்.

இவையாவும் பெருஞ்செலவு வேண்டும் காரியங்கள் அல்ல. ஓர் அப்பியாசக் கொப்பி, பதினைந்து தாள்கள், பதினைந்து உறைகள், விடுமுறை நாட்கள் சில, இவ்வளவே வேண்டுவன. மாணவர் கேட்டெழுதலாம். ஊரிலுள்ள பழைய மாணவர் உறுதிகளைத் தேடிக் கொடுக்கலாம். வெளிநாட்டிலுள்ளோர் தட்டெழுதிப் படி பெருக்கலாம். வேலையைப் பகிர்ந்து கொண்ட குடும்பம், அவ்வேலையாலேயே மீண்டும் ஒன்று கூடுதலும் உண்டு.

வீட்டையும் வளவையும் தந்து, குடியையும் தந்து, தம் பெயரை மாத்திரம் எங்கும் எழுதாமற் சென்ற தாய்மார் நம் ஒவ்வொருவர் பின்னும் வரிசையாய் நிற்கின்றனர். அவர்களுள் 7ஆம் எண்ணினர் இன்னும் சில வீடுகளின் திண்ணையில் இருக்கின்றனர். 15ஆம் எண்ணினரின் பெயர் அவர்கள் நாவில் இருக்கின்றது. இம்மலரை மூடி வைக்கும் மாணவர்கள், அடுத்த விடுமுறைக்கு முன்னே அப்பெயரைக் கேட்டு, குடியோடும் ஊரோடும், சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதி வைப்பாராக.